என்னத்தைப் பார்த்தே, தம்பி?

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராமு,

நலம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி இப்போது தேவலை, கொப்புடையம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள். கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் நிற்பதால் பையன்கள் பழையபடி பொட்டலுக்கே வந்துவிட்டார்கள். நீயும் நானும் ஆடிய அதே பொட்டல்தான். வடக்கு ஓரத்தில் மட்டும் புதிதாக வீடுகள் எழும்பிவிட்டன. பந்து அந்தக் காம்பவுண்டுக்குள் விழுந்தால் அந்த வீட்டு ஆச்சி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவார். மற்ற ஊர்க்கதை பிறகு. முதலில் உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எழுதியதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா பார். அகாடமி மேட்ச். நம் பாதியில் பந்து கிடைத்தால் பின்னால் நிற்பவனுக்கே கொடுக்க வேண்டும், முதுகுப் பக்கம் ஆள் இருக்கும்போது திரும்பவே கூடாது என்பது கோச்சின் கட்டளை. உன் பேரன் பந்தை வாங்கினான், திரும்பினான், இரண்டு பேருக்கு நடுவே நேராக ஒரு பாஸ் விட்டான். ஃபார்வர்டு ஓடிப்போய் கோல் போட்டான். கைதட்டல் அடங்குவதற்குள் கோச் அவனை வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ‘கோல் விழுந்த பிறகும் தண்டனை என்றால் என்ன நியாயம்’ என்று நீ கொதிக்கிறாய்.

எனக்கு உன் கோபம் புரிகிறது. ஆனால் கோல் விழுந்ததைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. அந்தக் கோச் இடத்தில் நான் இருந்திருந்தால் பெஞ்சுக்கு அனுப்பும் முன் ஒன்றே ஒன்று கேட்டிருப்பேன்: “திரும்புறதுக்கு முன்னாடி என்னத்தைப் பார்த்தே?” அவன் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்ச நாள் முன்பு பள்ளத்தூர் பக்கம் ஒரு எழுவர் கால்பந்துப் போட்டிக்குப் பையன்களைக் கூட்டிப் போயிருந்தேன். எதிர் டீமில் ஒன்பதாம் நம்பர் போட்ட நெட்டையன் ஒருவன். பின்னால் நின்று தடுக்கும் நம் பேக் முத்துவிடம், அவனை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, முடியப் போகிறது. அவர்களுடைய விங் பையன், அதாவது ஓரத்தில் ஓடுகிறவன், பந்தோடு உள்ளே வெட்டி வந்தான். நம்முடைய இன்னொரு பேக் சரளையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். கீப்பருக்கு முன்னால் யாருமில்லை. முத்து ஒன்பதாம் நம்பரை அம்போ என்று விட்டுவிட்டு குறுக்கே பாய்ந்தான். பந்து அவன் முழங்காலுக்குக் கீழே பட்டு, உருண்டு, சொல்லி வைத்தாற்போல அந்த நெட்டையன் காலடியிலேயே போய் நின்றது. அவன் சும்மா தட்டிவிட்டான். தோற்றோம்.

கோட்டுக்கு வெளியே நின்ற அப்பாமார்கள் அத்தனை பேரும் ஒரே குரல்: “சார் சொன்னதைக் கேட்டிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல!” திரும்பி வரும்போது டாடா ஏஸில் பின்னால் முத்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அந்த விங் பையன் ஊன்றின கால் கோலைப் பார்த்து இருந்துச்சு சார். தலையைக் குனிஞ்சுட்டான். பாஸ் கொடுக்கிறவன் தலையைத் தூக்கி ஆளைப் பார்ப்பான். இவன் அடிக்கத்தான் போறான்னு தெரிஞ்சுச்சு” என்றான். பதினைந்து வயசுப் பையன், கண்மூடித் திறக்கும் நேரத்தில், ஊன்றிய காலையும் குனிந்த தலையையும் படித்திருக்கிறான். காலில் பட்ட பந்து எந்தப் பக்கம் உருளும் என்பது அவன் கையில் இல்லை. அடுத்த மேட்சுக்கு அவன் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

அதே மேட்சில் நமக்குக் கோல் போட்டவன் கதையையும் கேள். பக்கத்தில் ஒருத்தன் தனியாகக் கை தூக்கி நிற்கிறான், இவன் பாதி மைதானத்திலிருந்து ஓங்கி ஒரு உதை விட்டான், காற்று பார்த்துக்கொண்டது. அவனிடமும் அதையே கேட்டேன். “தெரியல சார், அடிச்சுட்டேன்.” அவனுக்கு நல்ல டோஸ் விழுந்தது. ஊரில் அவனுக்கு மாலை, முத்துவுக்கு வசவு. அதற்கு நான் என்ன செய்ய?

நீ சிராவயல் மஞ்சுவிரட்டை இழுத்திருந்தாய், மாட்டுக்கு முன்னால் நிற்பவனுக்கு யாரப்பா கோச் என்று. நல்ல கேள்விதான், ஆனால் இங்கே பொருந்தாது. அங்கே கணக்குத் தப்பினால் குத்து வாங்குகிறவன் அவன் ஒருத்தன். ஃபுட்பாலில் நீ பின்னால் கொடுப்பாய் என்று நம்பி ஒருத்தன் ஏற்கெனவே நகர ஆரம்பித்திருப்பான், அவன் விட்ட இடத்தை மூட இன்னொருத்தன். கோச் சொல்வது உனக்கு மட்டும் சொன்னது இல்லை, மற்ற பத்துப் பேருக்கும் உன்னைப் பற்றிக் கொடுத்த வாக்கு. பேரன் திரும்பிய இடத்தில் பந்து பறிபோயிருந்தால் பின்னால் அத்தனை பேரும் தப்பான இடத்தில் நின்றிருப்பார்கள். அந்தக் கோச் பக்கம் இவ்வளவு நியாயம் இருக்கிறது. அதை நீ பேரனிடம் சொல்லத்தான் வேண்டும்.

நீ எழுதியிருந்த செல்சி கீப்பர் கேபா விஷயத்தை இதோடு சேர்க்காதே. 2019 லீக் கப் ஃபைனலில் செல்சி கோச் சாரி மாற்று கீப்பரை இறக்கப் பார்க்க, கேபா வெளியே வர மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு நின்றாரே, அதில் அரை நொடி அவசரம் எதுவும் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. அது வேறு வழக்கு.

ஆட்டம் ஓடும்போது கோட்டோரம் நின்று கத்துகிற கோச்தான் என் சண்டைக்கு ஆள். ஒரு கணக்குப் போட்டுப் பார். கோச் பார்க்கிறார், முடிவெடுக்கிறார், வாயைத் திறக்கிறார். அதற்கே ஒரு நொடி போய்விடும். நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் பையனுக்குச் சத்தம் போய்ச் சேர இன்னும் கொஞ்சம். அவன் அதைப் புரிந்து காலை அசைக்க இன்னும் கொஞ்சம். நன்றாக ஓடுகிற விங் பையன் அந்த நேரத்தில் ஆறேழு மீட்டர் தாண்டியிருப்பான். அதாவது கோச் கத்துவது எப்போதும் போன ஆட்டத்தைப் பற்றித்தான். போதாக்குறைக்குப் பையன் கண் பந்திலிருந்து கோட்டோரத்துக்குத் திரும்பிவிடுகிறது. வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் மாமா, நடுவில் கோச் என்று மூன்று திசையிலிருந்தும் “போடு, விடு, அடி” கேட்டு ஒரு பிள்ளை திருவிழாவில் தொலைந்ததுபோல நிற்பதை நான் நிறையப் பார்க்கிறேன்.

பிறகு ஏன் கத்துகிறார்கள்? இதற்குப் பெனால்டியில் ஒரு விடை இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பெரிய லீக்குகளில் அடித்த 286 பெனால்டிகளை எடுத்து ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் கீப்பர் இடமோ வலமோ பாய்ந்துவிடுகிறார். நடுவிலேயே நின்றது நூற்றுக்கு ஆறு தடவைதான். பந்து நடுவில் வந்ததோ நூற்றுக்கு இருபத்தெட்டுக்கு மேல். அப்படியும் ஏன் பாய்கிறார்கள் என்றால், பாய்ந்து கோல் வாங்கினால் பாவம் முயற்சி செய்தார் என்பார்கள், நின்று வாங்கினால் சிலை மாதிரி நின்றான் என்பார்கள். கோட்டோரக் கோச்சுக்கும் அதே நிலைமைதான். சும்மா நின்று தோற்றால் பெற்றோர் விட மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு கோச்சே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2006 உலகக் கோப்பை கால் இறுதி உனக்கு ஞாபகம் இருக்கும், பெர்லினில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். பெனால்டிக்கு முன் ஜெர்மனி கீப்பர் லேமன் கையில் ஒரு துண்டுச் சீட்டு. ஹோட்டல் தாளில் கோல்கீப்பிங் கோச் கோப்கே எழுதிக் கொடுத்தது, யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று. ஒவ்வொரு அடிக்கும் முன் லேமன் அதைச் சாக்ஸிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொள்வார். கடைசியாக வந்தவர் காம்பியாசோ. அவர் பெயர் அந்தச் சீட்டிலேயே இல்லை! லேமன் இருந்தாலும் நிதானமாகச் சீட்டை எடுத்து, படிப்பதுபோலப் பார்த்தார். பிறகு சரியான பக்கம் பாய்ந்து தடுத்தார். ஜெர்மனி 4-2. எழுதிக் கொடுத்தது கோச். எழுதாத இடத்தில் அந்தச் சீட்டையே ஆயுதமாக்கியது கீப்பர். இதில் யார் பெரியவர் என்று நாம் பழைய காலம் மாதிரி ராத்திரி முழுக்கத் திண்ணையில் வாதாடலாம்.

சட்டென்று தோன்றியது என்று நாம் வாய் பிளக்கிற பலதும் சட்டென்று தோன்றியவை இல்லை என்பதையும் பேரனிடம் சொல். 1976 ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா பெனால்டி அடிக்க ஓடி வந்து பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டாரே, அதை அவர் பல மாதங்களாகத் தன் கிளப் கீப்பரிடம் பந்தயம் கட்டி அடித்துப் பழகியிருந்தார். 2019-இல் ஆன்ஃபீல்டில் லிவர்பூல் பார்சலோனாவை 4-0 அடித்த அந்த கார்னர்கூட அப்படித்தான். அலெக்சாண்டர்-ஆர்னால்டு பந்தை விட்டு விலகி நடந்தவர் திடீரென்று திரும்பி அடித்தார், ஒரிகி கோலில் போட்டார். அந்தக் கண் அலெக்சாண்டர்-ஆர்னால்டுடையது. ஆனால் பந்து பொறுக்கும் பையன்களிடம் பந்தை உடனுக்குடன் எடுத்துக் கொடுக்கும்படி முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

நம் நாட்டு ஆளைச் சொல்லாமல் விட்டால் நீ சண்டைக்கு வருவாய். இந்திய அணியின் கோச்சாக இருந்த ஹைதராபாத் ரஹீம் சாகிப். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பின்வரிசை நடுவில் நின்று தடுக்கும் அவருடைய ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடி, தையல். வேறு கோச் என்றால் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், தென்கொரியாவை 2-1 என்று வென்ற ஃபைனலில் ஒரு கோல். கோச் எடுக்க வேண்டிய முடிவு அதுதான், யாரை எங்கே நிறுத்துவது. அதற்குப் பிறகு ஜர்னைல் தலையால் முட்டுவதா காலால் அடிப்பதா என்பது ஜர்னைலின் பாடு. அந்த ரஹீம் பயிற்சியில் ட்ரிப்ளிங்கே கூடாது என்று போட்டி வைப்பாராம், பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும் என்றும் வைப்பாராம். கட்டளை எல்லாம் பயிற்சியில். மேட்சுக்குள் போகும்போது பையன் கண்ணும் காலும் ஏற்கெனவே பழகியிருக்கும்.

அதைத்தான் நான் பொட்டலில் என் அளவுக்குச் செய்து பார்க்கிறேன். பந்து வாங்கப் போகிற பையனுக்குப் பின்னால் போய் நின்று விரல்களைத் தூக்கிக் காட்டுவேன். பந்து காலில் படும் முன் அவன் தலையைத் திருப்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் பந்து எதிர் டீமுக்கு. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது ஒரு பெண்பிள்ளை வருகிறாள், புதுவயல் பக்கத்திலிருந்து சைக்கிளில். பந்து வருவதற்குள் இரண்டு தடவை பின்னால் பார்த்துவிடுவாள். அவளிடம் பந்து போனால் பையன்கள் கூப்பாடு போடுவதை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். மேட்ச் அன்று நான் வாயைத் திறப்பதில்லை. வெற்றிலை போட்டுக்கொள்கிறேன், அதுவே பாதி உதவி.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. பேரனிடம் அந்தப் பந்தைப் பற்றிக் கேள். “முதுகுக்குப் பின்னால ஆள் இல்லைன்னு பார்த்துட்டேன் தாத்தா” என்று சொன்னால், கோச்சிடம் போய் மரியாதையாக அதை அவன் வாயாலேயே சொல்லச் சொல். நீ சொல்லாதே, அவன் சொல்லட்டும். “சும்மா தோணுச்சு” என்றால் கோச் செய்தது சரி, ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தை விட்டுவிடு. கேட்டும் கோச் காது கொடுக்கவில்லை என்றால் வேறு அகாடமி பார்.

ஊர்க்கதை அதிகம் இல்லை. நம் ஸ்கூல் பக்கத்துப் பெரிய வீடு கடைசியில் விலைக்குப் போய்விட்டது. தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் சாத்தி வைத்திருக்கின்றன, விலை கேட்டேன், தலை சுற்றியது. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி வருவதாகச் சொன்னாயே, பேரனையும் கூட்டி வா. சாயங்காலம் பொட்டலில் அவனை இறக்கிவிடுவோம், முத்து அவனை மார்க் பண்ணட்டும். ஸ்டட்ஸ் வைத்த ஷூ எடுத்து வர வேண்டாம், இந்தச் செம்மண் சரளையில் வழுக்கும். சாதா கேன்வாஸ் ஷூ போதும், சைஸ் எழுதினால் நானே இங்கே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அழகு