காற்றாடிக் கம்பெனியிடம் என்ன கேட்பது?

போர்ட் எலிசபெத், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். மலபார் முருகன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் திருப்புகழ் சொல்லிக் கொடுக்கிறேன். மலபார் என்றதும் கேரளம் என்று நினைத்துவிடாதே, இந்த ஊரில் நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிக்கு அதுதான் பெயர்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளை உங்கள் ஊரில் புதிதாகப் போட வரும் கம்பெனி "ஊருக்கு என்ன வேண்டும்" என்று கேட்டிருக்கிறது. வார்டு உறுப்பினர்களில் பாதிப் பேர் கோயில் வளைவு என்கிறார்கள், மீதிப் பேர் சமுதாயக் கூடம் என்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவி நீ நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறாய். வளைவுக்கு ஒத்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே ஹியூமன்ஸ்டார்ப் போகும் வழியில் ஜெஃப்ரீஸ் பே காற்றாலை இருக்கிறது. 60 காற்றாடி, 138 மெகாவாட், 2014 முதல் ஓடுகிறது. இந்த நாட்டு அரசு 2011-ல் தனியாரிடம் மின்சாரம் வாங்க டெண்டர் விட ஆரம்பித்தது. ஜெயித்த கம்பெனியோடு எஸ்காம் மின்வாரியம் 20 வருஷ ஒப்பந்தம் போடும். அந்த டெண்டரிலேயே ஒரு நிபந்தனை உண்டு. மின்சாரம் விற்று வரும் வருமானத்தில் குறைந்தது 1 சதவீதத்தை, காற்றாலையைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் மக்களுக்காகச் செலவழிக்க வேண்டும். 1.5 சதவீதம் வரை போகலாம் என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசுக்குக் காட்டியாக வேண்டும். இது போக, கம்பெனியின் பங்கில் குறைந்தது 2.5 சதவீதம் உள்ளூர் மக்களின் அறக்கட்டளைக்குச் சேர வேண்டும்.

வருமானத்தில் என்பதைக் கவனி, லாபத்தில் இல்லை. நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டப்படி, மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குப் போக வேண்டும். அதுவும் 500 கோடி நிகரச் சொத்து மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி லாபமோ உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான். உள்ளூருக்கு முன்னுரிமை கொடு என்று சட்டம் சொல்கிறதே தவிர, உன் ஊருக்குத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முப்பந்தல் பக்கம் மில்காரர்கள் வரிசையாகக் காற்றாடி வாங்கிப் போட்டதில் தேய்மானக் கணக்குக்கும் வரிச் சலுகைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது உனக்கே தெரியும். ஏட்டில் லாபம் குறைந்தால் ஊருக்கு வருவதும் குறையும். ஆனால் ஆடி மாதம் ஓடிய ஓட்டத்துக்கு விற்ற யூனிட் கணக்கு பொய் சொல்லாது. அதனால் நீ பேசும்போது யூனிட் கணக்கிலோ விற்பனைக் கணக்கிலோ பேசு.

அப்புறம், அந்தப் பணத்தை எதில் போடுவது என்பது. கோயில் சங்கத்து ஆட்களோடு ஹியூமன்ஸ்டார்ப் பக்கம் ஒரு பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். முன்பு தகரக் கொட்டகையாக இருந்ததாம். இப்போது செங்கல் சுவர், கம்பிவேலி, பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாகப் பதித்த வாஷ்பேசின், குட்டிக் குட்டிக் கழிப்பறை. ஒரு பொடியன் எக்காமல் கொள்ளாமல் தானே குழாயைத் திறந்து கை கழுவி, ஈரக்கையை என் புடவையில் துடைத்துவிட்டு ஓடினான். டீச்சரம்மா பாலர் கல்விப் படிப்பில் வாங்கிய நாலாம் நிலைச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். கட்டடத்துக்கும் அவர் படிப்புக்கும் காற்றாலை நிதிதான் உதவியது.

கட்டடத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இங்கே பதிவு பெற்ற பாலர் பள்ளிக்கு, ஏழைப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ராண்ட் என்று அரசு மானியம் தருகிறது. பல வருஷம் 17 ராண்டாகவே கிடந்தது, 2025 பட்ஜெட்டில் 24 ஆக்கினார்கள். ஆனால் கழிப்பறை, வேலி என்று விதிப்படி இல்லாவிட்டால் முழுப் பதிவு கிடைக்காது, மானியம் கிடைப்பதும் கஷ்டம். அந்தக் கொட்டகையைச் சரிசெய்ய ஏழைச் சனத்தின் கையில் காசு ஏது? காற்றாலைப் பணம் அந்த ஒரு படியை ஏற்றிவிட்டது. இனி அரசுப் பணம் மாதாமாதம் தானாக வரும், டீச்சருக்குச் சம்பளம் ஓடும். எனக்கு மனசு நிறைந்துபோனது.

உன் ஊரிலும் இப்படிச் செய்யலாம். நமக்கு நாமே திட்டத்தில் ஊர் ஒரு பங்கு கட்டினால் அரசு மிச்சத்தைப் போடும் அல்லவா? அந்த ஊர்ப் பங்கைக் கம்பெனியைக் கட்டச் சொல். வளைவு கட்டினால் ஒரு நாள் திறப்பு விழா, அத்தோடு சரி. குளத்துக் கரையும் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையும் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். அறக்கட்டளைக்குப் பங்கு உண்டுதான், ஆனால் அந்தப் பங்கை வாங்கியதே கடனில். லாபப் பங்கில் முதலில் கடன் அடைபடும், அதனால் பல வருஷம் ஊருக்குச் சில்லறைதான் வரும். "உங்களுக்கும் பங்கு" என்று கேட்டு ஆசைப்பட்ட ஜனத்துக்கு அது பெரிய ஏமாற்றம். 50 கிலோமீட்டர் வட்டத்துக்கு ஒரு கல் தள்ளி இருக்கிற ஊர்க்காரன் என்ன பாவம் செய்தான் என்றும் எனக்குத் தோன்றும்.

ஹியூமன்ஸ்டார்ப்புக்கும் மேற்கே இருக்கும் சிட்சிகாமா காற்றாலையின் கதை மட்டும் வேறு மாதிரி. அது நிற்பது ம்ஃபெங்கு என்ற கறுப்பின மக்களின் சொந்த நிலத்தில். 1977-ல் நிறவெறி அரசு அவர்களை லாரியில் ஏற்றி கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய சிஸ்கே பகுதியில் கொண்டுபோய் இறக்கியது. 1994 வாக்கில் நிலம் திரும்பக் கிடைத்தது. இன்று அதே மண்ணில் 31 காற்றாடி நிற்கிறது, நிலத்துக்கு வாடகையும் வருகிறது, கம்பெனியில் பங்கும் உண்டு. மலபாரில் இருக்கும் நம் பெரியவர்களும் 1960களில் இதே ஊரின் சவுத் எண்ட் பகுதியிலிருந்து துரத்தப்பட்டவர்கள்தானே. கோயிலில் ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நிலம் அவங்க பேர்லயே இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். பாட்டி கேட்டதை நீயும் கேள். உங்கள் ஊரில் நிலத்தை விற்கச் சொல்கிறார்களா, குத்தகைக்கா? புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் இதில் வருகிறதா?

கம்பெனி என்ன சொன்னாலும் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுது. தொகை, எத்தனை வருஷம், யார் முடிவெடுப்பது, கணக்கை எப்போது படிப்பது, எல்லாம் அதில் வரட்டும். இறக்கை ஏற்றிய நீள லாரி உங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே இது முடிய வேண்டும், ஏட்டி. காற்றாடி சுற்ற ஆரம்பித்துவிட்டால் உன் போனை யாரும் எடுக்கமாட்டார்கள்.

அவர்கள் கொடுத்த காகிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. இங்கே ஒரு பாலர் பள்ளி அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதும் அக்கா ஒருத்தர் எங்கள் கோயிலுக்கு வருவார், அவரோடு உட்கார்ந்து படித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். கிராம சபை தேதியையும் சொல்.

அன்புடன்,
உன் வள்ளி