தண்ணீர்ப் பரிசோதனைகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நீரின் ஓரினக் கவர்ச்சியையும் (நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பது) பரப்பு இழுவிசையையும் (அதனால் நீரின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும் விசை) பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, தட்டுகளையும் டம்ளர்களையும் கழுவித் தந்த ஆய்வக உதவியாளர் அக்காவுக்கும் மூத்த மாணவர்களுக்கும். பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் இந்தப் பாடத்துக்கு உயிரே அதுதான். 20 டிகிரி செல்சியஸில் சுத்தமான நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 73 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். தட்டில் கொஞ்சம் சோப்பு தங்கியிருந்தாலும், நீரின் மேல் மிதக்கவிடும் ஊசி நிற்காமல் மூழ்கும். தனக்குத்தான் கை வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அப்படி யாரும் முகம் வாடிவிடாதபடி, ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் சலிக்காமல் அலசி வைத்தீர்கள்.

அப்போது எனக்கு ஆக்னஸ் பொக்கல்ஸ் நினைவுக்கு வந்தார். ஜெர்மனியில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத காலம் அது. வீட்டுச் சமையலறையில் இருந்தபடியே, நீர்ப்பரப்பில் படியும் எண்ணெயும் அழுக்கும் அதன் இழுவிசையை எப்படி மாற்றுகின்றன என்று தானே கருவி செய்து அளந்தவர். அவர் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. கழுவும் தொட்டிப் பக்கம் நின்றிருந்த மாணவிகளுக்கு இதைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் கேட்ட கேள்விகளே வேறு.

வேதியியல் ஆசிரியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நீருக்கு மேலே ஒரு தோல் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். அவர் அதற்கு ஒப்பவில்லை. பிள்ளைகளை நெருக்கமாக நிற்க வைத்துக் கைகோக்கச் சொன்னார். நடுவில் நிற்பவரை எல்லாப் பக்கமும் இழுக்கிறார்கள். ஓரத்தில் நிற்பவரை உள்பக்கம் மட்டுமே. நீர் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் இப்படித்தான் ஒன்றையொன்று இழுக்கின்றன, அதனால்தான் பரப்பு முடிந்தவரை சுருங்கப் பார்க்கிறது என்று அவர் சொன்னபோது, விளக்கம் ஏற்கெனவே பிள்ளைகள் கையில் இருந்தது.

மேசைக்கு மேசை நின்ற தன்னார்வலர்களே, விடையைச் சொல்லிவிடாமல் பொறுமையாக இருந்ததற்கு மிக்க நன்றி. நாணயத்தின் மேல் எத்தனை சொட்டு நிற்கும் என்று கேட்டபோது, ஐந்து, பத்து என்றார்கள் பிள்ளைகள். இருபதைத் தாண்டியும் நீர் குவிந்து நின்றதைக் குனிந்து பக்கவாட்டில் பார்த்த அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன். நூல் வளையத்தை நீரில் மிதக்கவிட்டு உள்ளே சோப்பு தொட்ட குச்சியை வைத்ததும், கோணலாகக் கிடந்த நூல் சட்டென்று வட்டமானது. "வெளியே இருக்கிற தண்ணி இழுக்குது!" என்றாள் ஒரு சிறுமி. யாரும் சொல்லித் தராத பதில். என்னைக் கேட்டால், அன்றைய நாளின் சிறந்த விளக்கம் அதுதான்.

பெற்றோருக்கும் நன்றி. தட்டு, சொட்டுக்குழாய், ஊசி என்று கேட்டதையெல்லாம் கொடுத்தீர்கள். நனைந்த உடையோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.

அருகருகே துளையிட்ட பாட்டிலில் இரண்டு நீர்த்தாரைகளைக் கிள்ளி ஒன்றாக்கியபோது, சோப்புத் தண்ணீரிலும் இது சேருமா என்று ஒரு சிறுவன் கேட்டான். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கப் போகிறோம். கழுவித் தர அதே கைகள் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
வகுப்பை நடத்திய ஆசிரியை