அத்திக்காய்க்குள் ஒரு குளவி

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று அம்புக்குறி போட்ட உணவுச்சங்கிலிப் படத்தைப் பார்த்தேன். நான் பள்ளியில் படித்த காலத்திலும் இதே படம்தான், தவளைகூட மாறவில்லை. படத்தில் தவறில்லை. ஆனால் தின்பதும் தின்னப்படுவதும்தான் உயிர்களுக்கிடையே உள்ள ஒரே உறவு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை ஓர் அத்தி மரத்தை வரையச் சொல்லுங்கள்.

'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அது ஆண்டுக்குப் பல முறை பூக்கிறது. பூவெல்லாம் காய்க்குள்ளே ஒளிந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. எள்ளளவே உள்ள ஒரு பெண் குளவி, காயின் நுனித் துளைக்குள் சிறகு முறிய முறிய நுழைகிறது. தான் பிறந்த காயிலிருந்து சுமந்துவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகிறது. அதன் ஆண் வாரிசுகளுக்குச் சிறகே கிடையாது. இணைசேர்ந்த பிறகு, பெண்கள் வெளியேறச் சுரங்கம் குடைந்து கொடுப்பதோடு அவற்றின் ஆயுள் முடிகிறது. வெளியே வந்த பெண்ணுக்கு ஓரிரு நாள்தான் கெடு. அதற்குள் பருவத்துக் காயுள்ள இன்னோர் அத்தியைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆகவே ஊருக்கு ஒரு மரம் போதாது.

துருக்கியின் ஸ்மிர்னா அத்தியை 1880களில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காய்கள் பழுக்காமல் உதிர்ந்தன. 1899இல் குளவியையும் அங்கே குடியேற்றிய பிறகுதான் பழம் கிடைத்தது. 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று முகம் சுளிக்கிறோமே, அந்தப் 'புழு' கூட்டத்தில்தான் இந்தக் குளவியும் இருக்கிறது.

எங்கள் ஊர் ஓடைக்கரையில் நின்ற அத்தியைச் சாலை விரிவாக்கத்துக்காகச் சென்ற ஆண்டு வெட்டினார்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம். மற்ற மரங்கள் வெறுமையாக நிற்கும் நாட்களிலும் குக்குறுவானும் பச்சைப்புறாவும் அணிலும், இருட்டிய பின் பழந்தின்னி வௌவாலும் அதில் பந்தி போடும். ஈடாகப் பத்துக் கன்றுகள் நட்டிருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பத்தும் மஞ்சள் பூப் பூக்கும் பெருங்கொன்றை. கணக்கில் குறையில்லை, குக்குறுவானுக்குத்தான் அதில் ஒன்றுமில்லை.

ஓடைக்கு அக்கரையில் பெரிய ஆலமரம் ஒன்று மிச்சமிருக்கிறது. போன வாரம் அதன் பட்டையைச் சீவி, வெள்ளைச் சாயத்தில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

– வாசகர், தென்காசி மாவட்டம்