உன் விரல்களைப் பார்த்தேன்

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் தலைமுடியை ஒதுக்க நீ கையைத் தூக்கியபோது விரல்களைப் பார்த்தேன். சோப்பும் சானிடைசரும் மாற்றி மாற்றிப் போட்டதில் நுனித் தோல் உரிந்து சிவந்திருந்தது. "ஒன்றும் இல்லைம்மா" என்று சட்டென்று கையை இறக்கிவிட்டாய். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

இந்த மாதம் செக்கப்புக்குப் போகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபிக்காதே. கர்ப்பிணிகளுக்குக் கொரோனா வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல், குறைப்பிரசவமும் நேரலாம். அதனால் நீ பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறினால் பல நேரம் உடம்பு காட்டிக்கொடுக்காது கண்ணு, அளந்து பார்த்தால்தான் தெரியும். கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. முன்கூட்டியே நேரம் கேட்டு, முகக்கவசத்தோடு போய் வா. எதையெல்லாம் போனிலேயே பேசலாம் என்றும் கேட்டுக்கொள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, கொரோனாவை நினைத்துத் தயங்காதே. அந்த நிமிடமே கிளம்பு.

பிறந்ததும் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று அன்றைக்கு அழுதாயே. தாய்க்குத் தொற்று இருந்தாலும் கை கழுவி, முகக்கவசம் போட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம், மார்போடு அணைத்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த நிறுவனமே சொல்கிறது. பிரசவத்தின்போது மாப்பிள்ளை கூட இருக்கலாமா என்பதை இப்போதே கேட்டு வை.

நீ வயிற்றில் இருந்தபோது நானும் ராத்திரி விழித்து, வயிற்றில் கை வைத்து, நீ அசைவதற்காகக் காத்திருப்பேன். அப்போது எந்தத் தொற்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அத்தனை மாதமும் தனியாகத் தவித்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. நீ அப்படி இருக்காதே. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, நாள் முழுக்கச் செய்தியே பார்க்கிறேன் என்று டாக்டரிடம் அப்படியே சொல். அதையும் கவனிக்க வேண்டியது அவர்கள் வேலைதான்.

பக்கத்தில் வந்து இருக்க முடியாதது எனக்குப் பெரிய வேதனை. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், அதற்கு மேல் சானிடைசர் வேண்டாம். தூங்கும் முன் விரல்களில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்.

அம்மா