பேருந்து நிலைய ஸ்டாண்டில் வண்டித் திருட்டைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்
பேருந்து நிலைய இருசக்கர வாகன ஸ்டாண்டைப் பயன்படுத்தும் தினசரிப் பயணிகள்
(பெயர், கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர் நாள் கூட்டம்

பொருள்: ஸ்டாண்டில் வண்டிகளுக்குப் பாதுகாப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விடிகாலை முதல் பஸ்ஸில் மில் வேலைக்குப் போய் இரவு ஒன்பதரைக்குத் திரும்புகிறவன் நான். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் வண்டியில் வந்து, ஸ்டாண்டில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏற முடியும். போன மாதம் ஒருநாள் இரவு வந்து பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் ஆயில் கறையும் உடைந்த ஹேண்டில் லாக் துண்டும்தான் கிடந்தன. இந்த மனுவில் கையெழுத்திட்டுள்ள இன்னும் மூன்று பேருக்கும் இதே கதைதான்.

ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கனில் தேதி முத்திரை மட்டும்தான் இருக்கிறது, வண்டி எண் கிடையாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யார் எந்த வண்டியை எடுத்துப் போனாலும் கேட்க முடியாது. கேட்க ஆளும் இல்லை. எட்டு மணிக்கு மேல் வாசல் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் கார் திருடுபோன வழக்கில், அலட்சியம் இருந்தால் இப்படி அச்சடித்து வைத்துத் தப்பிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஓட்டலுக்கு ஒரு நியாயம், காசு வாங்கும் ஸ்டாண்டுக்கு வேறு நியாயமா?

'பூட்டினீங்களா?' என்பதுதான் எல்லோரும் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி. பூட்டினோம் ஐயா. ஹேண்டில் லாக் ஓங்கி மிதித்தால் போய்விடுகிறது. அதனால் சிலர் பின்சக்கரத்தில் சங்கிலி போடுகிறார்கள். ஆனால் சங்கிலி சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். இரண்டு பேர் சேர்ந்தால் வண்டியை அப்படியே தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். வரிசைக்கு ஒரு இரும்புக் குழாயைத் தரையோடு கான்கிரீட் போட்டுப் பதித்துக் கொடுத்தால் போதும். சங்கிலியை அதில் கோத்துப் பூட்டிக்கொள்வோம். சங்கிலியும் பூட்டும் எங்கள் செலவு. நகராட்சிக்கு இது பெரிய செலவாக இருக்காது என்பது எங்கள் எண்ணம்.

அதோடு, டோக்கனில் வண்டி எண் எழுதி, வெளியே எடுக்கும்போது சரிபார்த்துத் திரும்ப வாங்க வேண்டும். கடைசி பஸ் வரும்வரை வாசலில் ஆள் இருக்க வேண்டும். இரண்டையும் குத்தகை நிபந்தனையிலேயே சேர்த்துவிட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பின்பக்கச் சுவரோரம் விளக்கே இல்லை. அங்கே முதலில் விளக்கு போடுங்கள், கேமரா அப்புறம். இருட்டில் கேமரா இருந்து என்ன பயன்?

இன்னொன்று. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கிடைக்கப் பதினொரு நாள் அலைந்தேன். இன்சூரன்ஸில் கேட்பது எஃப்.ஐ.ஆரும் வண்டியின் இரண்டு சாவிகளும்தான், சி.எஸ்.ஆரை வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டித் திருட்டுப் புகாரில் காலம் தாழ்த்தாமல் வழக்குப் பதியக் காவல்துறைக்கு அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த குத்தகை ஏலத்துக்கு முன்பே தாங்கள் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு ஸ்டாண்டை நேரில் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தினசரிப் பயணிகள்

இணைப்பு: டோக்கன், சி.எஸ்.ஆர். ரசீது, ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றின் நகல்கள்; கையொப்பத் தாள்.