மாவட்டப் போட்டிக்கு முன் ஏன் குறைவாக ஓடுகிறார்கள்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். குறுவட்டப் போட்டியில் 800, 1500, 3000 மீட்டர் ஓட்டங்களில் தேறிய நம் பிள்ளைகள் அடுத்த வாரக் கடைசியில் மாவட்டப் போட்டிக்குப் போகிறார்கள். இந்த நேரம் பார்த்து ஓட்டத்தைக் குறைக்கிறீர்களே என்று சிலர் உடற்கல்வி ஆசிரியரிடம் கோபப்பட்டிருக்கிறீர்கள். ஒரு அப்பா மகனை விடியற்காலையில் எழுப்பி, பைபாஸ் ரோட்டில் ஓடவிட்டு, பின்னாலேயே பைக்கில் போயிருக்கிறார். அக்கறையில் செய்ததுதான். ஆனாலும் தயவுசெய்து வேண்டாம்.

கடுமையாக ஓடும்போது உடம்பு களைக்கத்தான் செய்யும். அப்புறம் கிடைக்கும் ஓய்விலும் தூக்கத்திலும்தான் அது தேறும். இன்று ஓடியதன் பலன் முழுதாகக் கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். எனவே இப்போது கூடுதலாக ஓடினால் போட்டியன்று மிஞ்சுவது களைப்பு மட்டுமே.

குறைப்பது தூரத்தைத்தான், வேகத்தை அல்ல. வாரம் 35 கிலோமீட்டர் ஓடியவர்கள் இப்போது 20-க்குள் நிறுத்திக்கொள்வார்கள். 400 மீட்டரை எட்டு தடவை ஓடிக்கொண்டிருந்த மாணவி நான்கு தடவை ஓடுவாள். ஆனால் ஒவ்வொன்றையும் பழைய நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், ஆசிரியர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். மைதானத்துக்கு வரும் நாட்களும் குறையாது. ஒரேயடியாகப் படுத்துவிட்டால் கால் மந்தமாகிவிடும். மாரத்தான் ஓடும் பெரியவர்கள் இரண்டு மூன்று வாரம் இப்படிக் குறைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிடுவதால் ஏழு முதல் பத்து நாள் போதும்.

இந்த நாட்களில் பிள்ளை சிடுசிடுவென்று இருக்கலாம், கால் கனமாக இருக்கிறது என்று சொல்லலாம். பயப்பட வேண்டாம். எடையும் கொஞ்சம் ஏறலாம். சோற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தைத் தசை சேமித்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேரும். ஓடுவதற்கான இருப்பு அது. கொழுப்பு என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகளின் வீடுகளில் இது அதிகம் நடக்கிறது.

மிச்சமாகும் நேரத்தில் கூடுதல் டியூஷன், தெருக் கிரிக்கெட், கல்யாண வீட்டு அலைச்சல் எதுவும் வேண்டாம். 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் தேவை. செல்போனை ஒன்பது மணிக்கு வாங்கி வைத்துவிடுங்கள். (முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.) போட்டிக்கு முந்தின இரவு பதற்றத்தில் தூக்கம் வராவிட்டால் அதைப் பெரிதுபடுத்தாதீர்கள், அதற்கு முன்பு நன்றாகத் தூங்கியிருந்தால் சமாளித்துவிடலாம்.

சாப்பாட்டில் புதிதாக எதையும் முயல வேண்டாம். முந்தின இரவு பிரியாணி வேண்டாம். காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, ஒரு வாழைப்பழம். அதற்கு மேல் குளுக்கோஸ் பொடியை அள்ளிப் போட்டால் குமட்டல்தான் வரும். போட்டிக்கென்று புது ஷூவும் வாங்க வேண்டாம். பழகிய ஷூவே போதும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்தாலே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் அன்றைக்கே எங்களிடம் சொல்லுங்கள். மறைத்து ஓடவைக்க மாட்டோம்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, பிறப்புச் சான்றிதழ் நகலுடன் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். போட்டியன்று வேன் காலை 6 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்பும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்