தெருக் குழாய்க்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் உள்ள குழாய் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூர் மாவட்டத்தில், பவானி ஆற்றுத் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகப் பெறும் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், குழாயும் வால்வும் எனக்குப் பழகிய பொருட்கள். வீட்டுக் குடிநீர் இணைப்பைக் கொடுப்பதற்கு இருக்கும் ஒழுங்கு, கொடுத்த இணைப்பைப் பராமரிப்பதற்கு இல்லை என்பதை இந்த ஆண்டு என் வீட்டு வாசலிலேயே கண்டேன். அதைத் தங்கள் நாளிதழ் வழியாக மற்றவர்களுக்கும் உரிய அதிகாரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் தெருவுக்கு எட்டு நாட்களுக்கு ஒரு முறை, விடியற்காலை ஐந்தரை மணியளவில் தண்ணீர் திறந்து விடுவார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் வரும். கடந்த மாசி மாதத்தில் ஒரு நாள், வால்வு திறந்த சிறிது நேரத்தில், என் வீட்டுக்கு எதிரே தார்ச் சாலையின் ஓரம் ஈரமாகி, பிறகு ஊற்றுப் போலத் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் சாலையோரமாக ஓடிச் சாக்கடையில் விழும் இடத்தில் பதினைந்து லிட்டர் குடம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது. அப்படியானால் மணிக்கு 180 லிட்டர், நான்கு மணி நேரத்துக்கு 720 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத நகரங்களில் குழாய் மூலம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு சொன்ன அளவு. அந்தக் கணக்கில் பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு உரிய தண்ணீர், ஒரே காலையில், ஒரே ஓட்டையில் சாக்கடைக்குப் போயிற்று.

தண்ணீர் வீணானதைவிட என்னை அதிகம் கலங்க வைத்தது, வால்வை மூடிய பிறகு நடந்ததுதான். ஒன்பதரை மணிக்குத் தண்ணீர் நின்றதும், சாலைப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்த கலங்கல் நீர் மெல்லச் சுழன்று, அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்கியது. தெருக் குழாய் காலியாகும்போது அதற்குள் அழுத்தம் குறைந்து, அருகில் எது இருந்தாலும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாக்கடைத் தண்ணீர் அருகில் இருந்தால் அதையும்தான் இழுக்கும். அடுத்த முறை வால்வு திறந்ததும் முதலில் வீடுகளுக்குப் போய்ச் சேருவது அந்தத் தண்ணீர். தெருவின் கடைசியில் குடியிருக்கும் ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிதும் வியப்படையவில்லை. “மொத ரெண்டு கொடத்த வாசலுக்குத் தொளிச்சுப் போடுவமுங்க, அப்பறந்தான் குடிக்கப் புடிப்பமுங்க” என்றார். பல ஆண்டுகளாக அப்படித்தானாம்.

மறுநாளே உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். தெருவில் போகும் பகிர்மானக் குழாயில் கசிவு என்றால் தாங்கள் சரிசெய்வதாகவும், இது அதிலிருந்து பிரிந்து வரும் என் இணைப்புக் குழாய் என்பதால் என் செலவில் பிளம்பரை வைத்து நானே சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்கும் உடன்பட்டேன். ஆனால் சாலையைத் தோண்ட எனக்கு அதிகாரம் இல்லை; சாலையோ வேறொரு துறையின் பொறுப்பில் இருக்கிறது; அங்கே விண்ணப்பித்து, சாலைச் சீரமைப்புக் கட்டணம் கட்டி, அனுமதி கைக்கு வருவதற்குள் மேலும் மூன்று முறை தண்ணீர் வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டை வெளியே விட்டதையும் உள்ளே இழுத்ததையும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊழியர்கள் மீது எனக்குக் குறை இல்லை. தண்ணீர் திறந்து விடும் பணியாளர் தாமாகவே வந்து, ஒரு பழைய ரப்பர் ட்யூபைச் சுற்றி கசிவைச் சிறிது குறைத்துக் கொடுத்தார். பிழை ஏற்பாட்டில் இருக்கிறது.

இணைப்பு வாங்கும்போது சொத்து வரி ரசீது, பத்திர நகல், வைப்புத்தொகை என்று எல்லாவற்றையும் முறையாகக் கேட்கிறார்கள். அவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எனக்குக் கொடுத்த அனுமதி ஆணையில், எந்த இடம் வரை நகரத்தின் பொறுப்பு, எந்த இடத்திலிருந்து என் பொறுப்பு என்று ஒரு வரி கூட இல்லை. குடிநீர் வழங்கல், 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய பணிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் மாநிலத்தில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கு என ஒரே சட்டமும், அதன் கீழ் 2023ஆம் ஆண்டின் விதிகளும் இப்போது நடைமுறையில் உள்ளன. இவ்வளவு இருந்தும், மாதக் கட்டணம் கட்டும் ஒரு குடும்பத்தின் கையில், தன் கடமை எது என்று எளிய தமிழில் சொல்லும் ஒரு தாள் இல்லை.

என் கோரிக்கை இதுதான். சாலைக்கு அடியில் இருக்கும் குழாய் முழுவதையும், வீட்டின் சுற்றுச்சுவர் வரை, உள்ளாட்சியே பராமரிக்க வேண்டும். சுவருக்கு உள்ளே இருப்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எல்லையில் ஓர் அடைப்பு வால்வும் மீட்டரும் கையெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். தோண்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பழுது பார்க்கும் பொறுப்பும் அவர்களிடம்தானே இருக்க முடியும்? இதற்குச் செலவாகும், ஆட்கள் போதாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும், அது உண்மையும்கூட. அப்படியானால் மாதக் கட்டணத்தோடு ஒரு சிறு பராமரிப்புத் தொகையைச் சேர்த்து வாங்கட்டும். தனியாகப் பிளம்பர், சாலைக் கட்டணம், அலைச்சல் என்று நான் செலவிட்டதைக் கணக்குப் பார்த்தால், பல ஆண்டுகளுக்கான அந்தத் தொகையை ஒரே மாதத்தில் இழந்திருக்கிறேன். கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த உரிமையைக் கேட்க நா எழக்கூடாது.

குழாயைப் பதிக்கும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். எங்கள் பகுதியில் பெரும்பாலான வீட்டு இணைப்புகள் திறந்த சாக்கடையைக் குறுக்காகக் கடந்துதான் வீட்டுக்குள் போகின்றன. துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் (ஜிஐ) குழாய்கள் சாக்கடைத் தண்ணீரில் மூழ்கியபடியே துருப்பிடித்துக் கிடப்பதை எந்தத் தெருவிலும் காணலாம். என் குழாயைத் தோண்டி எடுத்தபோது, சாக்கடையை ஒட்டிய முழங்கை இணைப்பில் விரல் நகம் புகும் அளவுக்குத் துரு தின்றிருந்தது. சாக்கடைக்கு மேலாக, வெளியே மற்றொரு உறைக் குழாயோடு கொண்டுபோகாத எந்த இணைப்புக்கும் ஒப்புதல் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் ஒன்று உண்டு. சம்பு எனப்படும் தரையடித் தொட்டிகள் பலவற்றில் தண்ணீர் விழும் குழாயின் வாய் அடித்தளம் வரை இறங்கியிருக்கிறது. தெருக் குழாய் காலியாகும்போது சம்பில் இருக்கும் தண்ணீர் அதே வழியாகத் திரும்பிப் பொதுக் குழாய்க்குள் போய்விடும். அந்த வாய் சம்பின் நிறை மட்டத்துக்கு மேலே இருந்தாலே போதும். ஒரு சாண் குழாயை வெட்டி எடுக்கும் வேலைதான்.

மோட்டார் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது தடை செய்யப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வப்போது பறிமுதலும் நடக்கிறது. ஒரு வீடு மோட்டாரைப் போட்டால், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குழாயில் அழுத்தம் குறைந்து, மேலே நான் சொன்ன உறிஞ்சல் அப்போதே தொடங்கிவிடுகிறது. கடைசி வீடுகளுக்குக் காற்றுதான் வருகிறது. அவர்களும் வேறு வழியின்றி மோட்டார் வாங்குகிறார்கள். அதே 1999ஆம் ஆண்டு மத்திய அரசுக் கையேடு, தரைத்தளம் மட்டும் உள்ள வீடுகளுக்குக் குழாயின் கடைசியில், தண்ணீர் ஏழு மீட்டர் உயரம் ஏறும் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும் என்றது. பறிமுதல் தொடரட்டும்; ஆனால் அழுத்தத்தையும் ஒவ்வொரு தெருவின் கடைசி வீட்டில் அளந்து பார்க்கட்டும். குளோரினையும் அங்கேதான் சோதிக்க வேண்டும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் சரியாக இருப்பது, தெருக்கோடியில் இல்லாமல் போகலாம்.

லைன் வீடுகளில் குடியிருப்பவர்களை எந்த விதியும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் எட்டு, பத்துக் குடும்பங்கள் ஒரே வாசலுக்குள், ஒரே அரை அங்குல இணைப்பை நம்பி வாழ்கின்றன. பக்கத்தில் பன்னிரண்டாயிரம் லிட்டர் சம்பு கட்டிய ஒரு குடும்பத்துக்கும் அதே அரை அங்குலம்தான். லைன் வீட்டில் குழாய் பழுதானால், இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருப்பதால் குடியிருப்பவர் கொடுக்கும் புகார் ஏற்கப்படுவதில்லை. உரிமையாளரோ வேறு ஊரில் இருப்பார். விடியற்காலையில் தண்ணீருக்குக் காத்திருந்தால் ஷிப்ட் போய்விடும். சொத்து வரி ரசீது இல்லாவிட்டாலும், அந்த முகவரியில் குடியிருக்கிறார் என்பதற்கு ஏதேனும் ஒரு சான்று காட்டினாலே புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும். குடும்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்து அத்தகைய வளாகங்களுக்குப் பெரிய இணைப்பும் கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக் குழாய் இப்போது சரியாகிவிட்டது. அதே தெருவில், என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டின் எதிரிலும், பிள்ளையார் கோயில் திருப்பத்திலும் இன்னும் இரண்டு இடங்களில் சாலை ஈரமாகிறது. உரிய பொறியாளர் ஒருவர், தண்ணீர் விடும் நாளில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு முறையும், வால்வை மூடிய பின் ஒன்பதரை மணிக்கு ஒரு முறையும் வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். நான் உடன் வந்து காட்டுகிறேன்.

இங்ஙனம்,
குடிநீர் இணைப்புதாரர் ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்.